மீன்தொட்டிக்கு பிஎச் மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வண்ணமீன் வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தொட்டியின் அளவு, வடிகட்டி, தீவனம் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் புரியும்படி எழுதியிருந்தார்கள். தண்ணீரைப் பற்றி மட்டும் இரண்டே வரி. பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7 இருந்தால் போதுமாம். ஆர்ஓ தண்ணீர், அதாவது கரைந்திருப்பதைப் பெரும்பாலும் வடிகட்டி நீக்கிய குடிநீர், ஊற்றினால் இன்னும் நல்லதாம். அந்த இரண்டாவது வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதே பேச்சை வேறொருவர் சொல்லக் கேட்டு, அதை நம்பி, பத்து மீன்களைச் சாகவிட்டவள் நான்.

நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் 27 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவள். முதலாண்டு மாணவர்களுக்கு 'நீரின் கடினத்தன்மை காணல்' என்றொரு சோதனை உண்டு. அதற்கான கரைசல்களைத் தயார் செய்வது, சொட்டுச் சொட்டாக விடும் கண்ணாடிக் குழாய்களான ப்யூரெட்டுகளைக் கழுவி மாட்டுவது, மாதிரித் தண்ணீரைக் குடுவைகளில் ஊற்றி வைப்பது எல்லாம் என் வேலை. 50 மில்லி தண்ணீரில் தாங்கல் கரைசலும் எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியும் சேர்த்தால் ஒயின் சிவப்பு நிறம் வரும். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட விட, அந்தச் சிவப்பு ஊதாவாகி, ஒரு கட்டத்தில் ஒரே சொட்டில் சுத்த நீலமாக மாறும். வருடக்கணக்கில் பார்த்த காட்சி. ஆனால் கடின நீர் என்றால் சோப்பு நுரைக்காது, கொதிகலனில் படியும் என்பதோடு பாடம் முடிந்துவிடும். மீனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

வீட்டுக் கூடத்தில் 100 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தது. 5 மோலி, 14 கப்பி. இரண்டு வருடமாகக் குழாய்த் தண்ணீரிலேயே நன்றாக இருந்தன. குட்டி போட்டன, குட்டிகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். கண்ணாடியின் மேல்விளிம்பில் வெள்ளையாகப் படிந்துகொண்டே இருந்தது ஒன்றுதான் என் குறை. அதைப் பார்த்த மீன் வளர்க்கும் ஒருவர், "தண்ணி ரொம்ப உப்புங்க, ஆர்ஓ தண்ணி ஊத்துங்க, மீன் இன்னும் தெம்பா இருக்கும்" என்றார். சரி, நாம் குடிக்கும் தண்ணீரையே மீனுக்கும் கொடுப்போமே என்று வாராவாரம் மூன்றில் ஒரு பங்கைக் கொட்டிவிட்டு ஆர்ஓ தண்ணீரை ஊற்றினேன்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, என் மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, மோலிக்குக் குளிருதாம்மா? நின்ன இடத்துலயே நடுங்குது பாரு." போய்ப் பார்த்தேன். கறுப்பு மோலி ஒன்று தண்ணீரின் நடுவே நின்றபடி, முன்னால் போகாமல், உடம்பை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. நீந்துகிற அசைவு இல்லை அது. கப்பிகள் துடுப்பைக் குடைபோல மடக்கிக்கொண்டு மேலேயே நின்றன. மீன் வாங்கிய இடத்தில் கேட்டதற்குக் கல்லுப்பு போடச் சொன்னார்கள். போட்டேன். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் எண் ஏறியது. ஆட்டம் நிற்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு மோலி போனது, மறுநாள் இரண்டு கப்பி.

அப்புறம்தான் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரையும் இன்னொன்றில் குழாய்த் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். மாணவர்கள் போனபிறகு இரண்டையும் சோதித்தேன். குழாய்த் தண்ணீர் நீலமாக 14.3 மில்லி ஈடிடிஏ பிடித்தது. தொட்டித் தண்ணீர் 1.2 மில்லியிலேயே நீலமாகிவிட்டது. அடுத்து, அமிலம் விட்டுப் பார்க்கும் காரத்தன்மைச் சோதனை. மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டி சேர்த்ததும் மஞ்சளாக இருந்த தொட்டித் தண்ணீர், அமிலத்தின் முதல் சொட்டிலேயே சிவந்துவிட்டது; அமிலத்தைத் தாங்க அதில் ஒன்றுமே இல்லை. பிஎச் 6-க்கும் கீழே. அந்தக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இத்தனை வருடமாக நான் கழுவி மாட்டிய கண்ணாடிக் குழாயில்தான் விடை இருந்திருக்கிறது.

எண்களைக் கொஞ்சம் விளக்குகிறேன். நான் பயன்படுத்திய செறிவில் ஒரு மில்லி ஈடிடிஏ என்றால் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். குழாய்த் தண்ணீர் 286, தொட்டித் தண்ணீர் 24. மீன் வளர்ப்பில் இதை ஜெர்மன் டிகிரியில் சொல்வது வழக்கம், 17.85 மில்லிகிராம் ஒரு டிகிரி. ஆக, குழாயில் 16 டிகிரி, தொட்டியில் ஒன்றேகால் சொச்சம். ஒன்றரை மாதத்தில் நான் அந்த மீன்களை, அவை பிறந்து வளர்ந்த தண்ணீரிலிருந்து கிட்டத்தட்ட மழைத்தண்ணீருக்கு மாற்றியிருக்கிறேன்.

கடினத்தன்மை என்று ஒரே பெயரில் சொன்னாலும் மீன் வளர்ப்பவர்கள் இரண்டு அளவுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று ஜிஎச், பொதுக் கடினத்தன்மை. கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்பது. இன்னொன்று கேஎச், கார்பனேட் கடினத்தன்மை. பைகார்பனேட்டும் கார்பனேட்டும் எவ்வளவு என்பது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. அந்த ஒரே கல்லிலிருந்து கால்சியமும் வருகிறது, பைகார்பனேட்டும் வருகிறது. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. சமையல் சோடாவைப் போட்டால் கேஎச் மட்டும் ஏறும், ஜிஎச் அசையாது. எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) போட்டால் ஜிஎச் மட்டும் ஏறும். இயற்கையிலேயே ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் ஜிஎச்சைவிட கேஎச் அதிகம்.

இதில் மீனின் உடம்போடு நேராகப் பேசுவது ஜிஎச். நன்னீர் மீனின் ரத்தத்தில் உப்பு, வெளியே இருக்கும் தண்ணீரைவிட அதிகம். அதனால் தண்ணீர் செவுள் வழியாக ஓயாமல் உள்ளே இறங்கும். உப்பு ஓயாமல் வெளியே கசியும். மீன் நீர்த்த சிறுநீராக அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே, போன உப்பைச் செவுள் வழியாகத் திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கிறது. செவுளின் சவ்வு அதிகம் கசியவிடாமல் இருக்கக் கால்சியம் துணை. கடினமான தண்ணீருக்கும் கடலோர உவர்நீருக்கும் பழகிய மோலியைக் கால்சியமே இல்லாத தண்ணீரில் விட்டால், நாள் முழுக்க இந்தப் போராட்டத்திலேயே அதன் தெம்பு போய்விடும். என் மகள் பார்த்த நடுக்கம் அதுதான்.

கேஎச் செய்யும் வேலை வேறு. மேலே தாங்கல் கரைசல் என்று ஒன்றைச் சொன்னேன் அல்லவா? பாடப்புத்தகத் தமிழில் எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. அமிலம் வந்து விழும்போது பிஎச் சரியாமல் தாங்கிக்கொள்ளும் கரைசல். தொட்டியில் அந்தத் தாங்கல் கேஎச்தான். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். வடிகட்டியில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக்கி, நைட்ரேட்டாக்கும். இதுவரை உங்கள் கட்டுரையும் சொல்லியிருந்தது. இந்த வேலையில் அமிலம் உண்டாகிறது என்பது விட்டுப்போயிருந்தது. அம்மோனியாவில் உள்ள ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனுக்கும் ஏழு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தன்மை, அதாவது கேஎச், கரைந்துபோகும். குழாய்த் தண்ணீரை மாற்றும்போது அது திரும்பக் கிடைத்துவிடும். ஆர்ஓ தண்ணீரில் கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. தாங்கல் தீர்ந்த அன்று பிஎச் சறுக்கிக்கொண்டு கீழே போகும். 6-க்கும் கீழே போனால் அந்த நுண்ணுயிரிகளே வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும்.

அதனால்தான் பிஎச் 7 என்ற ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம் என்கிறேன். கேஎச் 8 இருக்கும் தண்ணீரிலும் பிஎச் 7 வரலாம், கேஎச் பூஜ்யமான தண்ணீரிலும் பிஎச் 7 வரலாம். முதல் தண்ணீர் அடுத்த வாரமும் அங்கேயே நிற்கும். இரண்டாவது எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே முடியாது.

காரணம் தெரிந்ததும் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பத்தான் கை பரபரத்தது. நல்லவேளை, செய்யவில்லை. பிஎச் குறைந்த தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற, அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவில் இருக்கும். பிஎச் ஒன்று ஏறினால் நஞ்சான அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். வாரக்கணக்கில் சேர்ந்து கிடந்ததெல்லாம் ஒரு மணி நேரத்தில் விஷமாகிவிடும். பழைய தொட்டியில் 'ரொம்ப நாளாச்சு, நன்றாகச் சுத்தம் செய்வோம்' என்று முக்கால் பங்கு தண்ணீரை மாற்றிய மறுநாள் மீன்கள் செத்துக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தண்ணீரே சேரவில்லை என்று பழியைக் குழாயின் மேல் போட்டுவிடுகிறோம்.

நான் முதல் மூன்று நாள் தீவனத்தை நிறுத்தினேன். தினமும் 5 லிட்டர் எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீர் 5 லிட்டரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டவிட்டேன். அம்மோனியாவைத் தினமும் சோதித்தேன். 18 நாள் கழித்து ஜிஎச் 10-ஐத் தொட்டது. அதற்குள் மூன்று மோலியும் ஏழு கப்பியும் போயிருந்தன. மிஞ்சிய இரண்டு மோலிகளில் அந்தக் கறுப்பு மோலியும் ஒன்று. பன்னிரண்டாம் நாள் காலையில் அது ஆட்டத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியில் படிந்திருந்த பாசியைக் கொத்திக்கொண்டிருந்தது. மகள் பள்ளிக்குக் கிளம்பாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நம் பேச்சு வழக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சோப்பு நுரைக்காவிட்டாலும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்தாலும், வாயில் வைக்க முடியாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் 'உப்புத் தண்ணி' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். கண்ணாடி விளிம்பில் படிவது பெரும்பாலும் சுண்ணாம்பு. டிடிஎஸ் மீட்டர் எது கரைந்திருந்தாலும் மொத்தமாகச் சேர்த்து ஓர் எண்ணைக் காட்டும். அதில் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பிரிக்காது. நான் கல்லுப்பு போட்டபோது ஏறிய எண் சோடியம் குளோரைடின் எண். மோலிக்கு வேண்டியிருந்தது அதுவல்ல. வீட்டு நீர் மென்னாக்கிக் கருவியும் இப்படித்தான்: கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கிறது. சோப்பு நுரைக்கும். ஆனால் மென்னீர் மீன்கள் கேட்கும் தண்ணீர் அதுவல்ல. இது போதாதென்று 'கடினம்' என்ற சொல்லைக் கேட்டாலே கெட்டது, 'மென்மை' என்றால் நல்லது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. மீனுக்கு அப்படி நல்லது, கெட்டது என்று பொதுவாக எதுவும் கிடையாது. அது எந்தத் தண்ணீருக்கு உரிய மீன் என்பதுதான் கேள்வி.

தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆற்றில் கார்டினல் டெட்ரா மீன் வாழும் தண்ணீரில் கால்சியம் என்பதே இல்லை எனலாம். இலையும் வேரும் ஊறி, கறுத்து, அமிலமாக ஓடும் மென்னீர். டிஸ்கஸ் மீனுக்கும் நியான் டெட்ராவுக்கும் அதே குணம். மோலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் கடினநீர்க்காரர்கள். டாங்கனிக்கா ஏரியின் சிக்லிட் மீன்களுக்குக் கேஎச்சும் பிஎச்சும் உயர்ந்தே இருக்க வேண்டும். பண்ணைகளில் பல தலைமுறை வளர்ந்த மீன்கள் நடுத்தரமான தண்ணீரில் சமாளித்துக்கொள்கின்றன என்பதும் உண்மைதான். 10 டிகிரித் தண்ணீரில் நியான் டெட்ரா நன்றாகவே வாழ்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அதே தண்ணீரில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மென்னீர் மீன்களின் முட்டை கடின நீரில் பெரும்பாலும் வீணாகிவிடும். வாழ்வதற்கான தண்ணீர் ஒன்று, பெருகுவதற்கான தண்ணீர் ஒன்று. மீன் படாதபாடு படுவது எண் கொஞ்சம் கூடக்குறைய இருப்பதால் அல்ல, அந்த எண் திடீரென்று மாறுவதால்.

எதிர்ப்பக்கமும் ஒரு தவறு நடக்கிறது. தண்ணீரை மாற்றாமல், குறையக் குறையக் குழாய்த் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே இருப்பது. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். சுண்ணாம்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 100 லிட்டர் தொட்டியில் வாரம் 5 லிட்டர் ஆவியாகிறது, குழாயில் 10 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் 260 லிட்டர் ஊற்றியிருப்பீர்கள். 10 டிகிரியில் தொடங்கிய தொட்டி 36 டிகிரியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் மீன்கள் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. புதிதாக வாங்கி விடும் மீன் மட்டும் இரண்டே நாளில் சாகும். ஆர்ஓ தண்ணீருக்கு உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது: ஆவியான அளவை ஈடுகட்ட அதை ஊற்றலாம், தண்ணீர் மாற்றும்போது குழாய்த் தண்ணீரோடு கணக்காகக் கலந்து, வேண்டிய டிகிரிக்குக் கொண்டுவரலாம். 16 டிகிரித் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் பாதிப் பாதி கலந்தால் 8. இவ்வளவுதான் கணக்கு.

அலங்காரத்துக்கு வைக்கும் சிப்பி, பவளத்துண்டு, பளிங்குக்கல் எல்லாம் சுண்ணாம்பு; மெதுவாகக் கரைந்து ஜிஎச்சையும் கேஎச்சையும் ஏற்றும். ஒரு கல்லின் மேல் வினிகர் விட்டு, நுரைத்தால் அது அந்த வகை. மோலித் தொட்டிக்கு அது நல்லது, டெட்ராத் தொட்டிக்கு வேண்டாம்.

சோதிப்பதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. சொட்டுப் பரிசோதனை மருந்து வீட்டிலேயே போதும். பெரும்பாலானவற்றில் 5 மில்லி தண்ணீருக்கு ஒரு சொட்டு ஒரு டிகிரி. நிறம் மாறும்வரை எண்ண வேண்டும், அவ்வளவே. தண்ணீர் மென்மையாக இருந்தால் 10 மில்லி எடுங்கள், அரை டிகிரி வரை தெரியும். முதலில் குழாய்த் தண்ணீரைச் சோதித்து அந்த எண்ணுக்கு ஏற்ற மீனை வாங்குவது, மீனை வாங்கிவந்து அதற்கேற்பத் தண்ணீரை வாராவாரம் மாற்றிக்கொண்டே இருப்பதைவிட எவ்வளவோ சுலபம்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். இனி மீன்களைப் பற்றி எழுதும்போது பெயருக்குப் பக்கத்தில் பிஎச்சோடு ஜிஎச், கேஎச் எண்களையும் போடுங்கள். மீன் விற்பவர்களும் தங்கள் தொட்டித் தண்ணீரின் இந்த இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டினால், வாங்குபவர் தன் வீட்டுத் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

மற்றது அவசரம். ஆர்ஓ தண்ணீர் பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரையைப் படித்தவர்களில் சிலராவது இந்த வாரமே குழாயை மூடிவிட்டு ஆர்ஓவுக்கு மாறியிருப்பார்கள். என் தொட்டியில் மோலி நடுங்கத் தொடங்க ஒன்றரை மாதம் ஆனது. அதற்கு முன்பே திருத்தம் வந்துவிட்டால் அவர்கள் வீட்டு மீன்கள் பிழைத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்